பிழை எட்டாத இடம்

வட்டமாகச் சுற்றிய கம்பியில் மின்சாரம் ஓடுகிறது. வட்டத்தின் மையத்தைத் துளைத்துச் செல்லும் அச்சின்மேல் காந்தப்புலம் எவ்வளவு என்று கேட்டால் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். ஆரம், தூரம், சுற்றுகளின் எண்ணிக்கை, மின்னோட்டம் ஆகிய நான்கையும் போட்டால் ஒரே வரியில் விடை. அச்சிலிருந்து அரை அங்குலம் விலகி நின்று அதே கேள்வியைக் கேளுங்கள். கூட்டல், பெருக்கல், வர்க்கமூலம் கொண்டு எழுதி முடிக்கிற வாய்பாடு அங்கே கிடையாது. ஒரு சுருள் எழுப்புகிற காந்தப்பாயத்தில் எவ்வளவை அடுத்த சுருள் வாங்கிக்கொள்கிறது என்ற கணக்கும், அதாவது பரிமாற்று மின்தூண்டல் எண்ணும், அந்த அரை அங்குலத்தில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. என் வேலைக்காலத்தில் பெரும்பகுதி அங்கேதான் கழிந்தது. விரும்பித்தான் கழித்தேன்.

எண்பதுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தேன். செய்முறை வகுப்பில் எல்லோருக்கும் வருகிற ஒரு சோதனை உண்டு: வட்டச் சுருளின் அச்சில் காந்தப்புலம். நீளமான மரப்பலகை, அதன் நடுவில் மரச்சட்டத்தில் சுற்றிய நூல் போர்த்திய செப்புக்கம்பி, பலகையில் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய காம்பஸ் பெட்டி. அந்தச் சோதனை நடக்கிற அன்று அட்டெண்டர் அண்ணாச்சி எங்களை வாசலிலேயே நிறுத்திவிடுவார். “கொண்டை ஊசி, ஹேர்பின் எல்லாத்தையும் கழத்தி இந்தத் தட்டுல போடுங்கம்மா. தங்க வளையல் இருந்தா இருக்கட்டும். இரும்பு உள்ள வரப்பிடாது.” பித்தளைத் தட்டில் ஹேர்பின்கள் குவியும். கலைந்த பின்னலோடு உள்ளே போவோம்.

காம்பஸ் பெட்டிக்குள் குட்டிக் காந்த ஊசி. அதற்குக் குறுக்கே நீண்ட அலுமினிய முள், அடியில் கண்ணாடி. முள்ளும் அதன் பிம்பமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து மறையும்வரை தலையைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். முள்ளின் இரு முனைகளையும் படிக்க வேண்டும். கம்யூட்டேட்டரைத் திருப்பி, மின்னோட்டத்தின் திசையை மாற்றி, மறுபடி இரு முனைகள். நான்கின் சராசரிதான் ஒரு வாசிப்பு. ரியோஸ்டாட்டைத் தள்ளித் தள்ளி, விலக்கம் 30 பாகைக்கும் 60 பாகைக்கும் நடுவில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ரெக்கார்டு நோட்டில் முதல் வரி. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் பேராசிரியர் ஒருநாள் தாமாகவே கரும்பலகைக்குப் போனார்.

முள்ளைப் படிப்பதில் அரைப் பாகை முன்பின் யாருக்கும் வரும். விலக்கம் 10 பாகையாக இருக்கும்போது அந்த அரைப் பாகை விடையை 5 சதவீதம் தள்ளிவிடும். 80 பாகையிலும் அதே 5 சதவீதம். 45 பாகையில் மட்டும் 2 சதவீதத்துக்கும் கீழே அடங்கிப்போகும். கண்ணும் அதுவே, கருவியும் அதுவே. நிற்கிற இடத்தை மாற்றியதில் பிழை மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. எழுதி முடித்து, சாக்பீஸ் தூசியைத் தட்டியபடி சொன்னார்: “அளக்கிறது எல்லாரும் அளப்பாங்கம்மா. தப்பு நம்மளத் தொடாத இடமாப் பாத்து நிக்கத் தெரியணும்.”

அந்தச் சோதனையில் சுருளின் புலத்தோடு மல்லுக்கு நிற்பது பூமியின் கிடைக்காந்தப்புலம். எங்கள் பக்கத்தில் அது பலமானது. காந்த நடுக்கோடு தென்கோடியை ஒட்டிப் போவதால் பூமியின் புலம் இங்கே தரைக்குள் சாயாமல் கிட்டத்தட்ட கிடையாகவே வடக்கு நோக்கி ஓடுகிறது. அளவு சுமார் 0.4 காஸ். சரிவு ஊசியை ஆய்வகத்தில் தொங்கவிட்டால் படுத்தே கிடக்கும். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியதற்கும் இந்த நடுக்கோடுதான் காரணம். கையில் பிடித்திருந்த காம்பஸ் பெட்டிக்கும் தும்பாவுக்கும் உறவு இருக்கிறது என்று தெரிந்த அன்று, பேருந்தில் வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

வாசிப்புகளைக் கிராப் தாளில் குறித்தால் நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிகிற வளைகோடு கிடைக்கும். சரிவின் வளைவு திசை மாறுகிற புள்ளி பக்கத்துக்கு ஒன்று உண்டு. இரண்டு வளைவு மாற்றப் புள்ளிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்தால், சுருளின் ஆரம் எவ்வளவோ அவ்வளவு வரும். கம்பியைத் தொடாமல், ஸ்கேலை அதன் அருகில் கொண்டுபோகாமல், காகிதத்திலிருந்து ஆரத்தை எடுத்துவிடலாம். ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள் என்கிற ஜோடி பிறப்பதும் இதிலிருந்துதான். அதே ஆரமுள்ள இன்னொரு சுருளைச் சரியாக ஓர் ஆரம் தள்ளி வைத்தால், இரண்டின் வளைவு மாற்றப் புள்ளிகளும் நட்ட நடுவில் ஒன்றாக விழுகின்றன. ஒன்றின் சரிவை மற்றதன் ஏற்றம் நிரப்புகிறது. 15 செ.மீ. ஆரத்தில் சுருளுக்கு 100 சுற்று போட்டு 1 ஆம்பியர் ஓட்டினால் நடுவில் 6 காஸ். அங்கே ஊசியை அச்சுவழியே ஒன்றரை செ.மீ. நகர்த்தினாலும் புலம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மாறும். பேராசிரியர் சொன்ன ‘தப்பு தொடாத இடம்’ இதோ இங்கேயும் ஒன்று.

படிப்பு முடித்துச் சில ஆண்டுகளில் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். பெரிய ஆலைகளுக்கு நடுவே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சிறிய கம்பெனி. ரிலே காயில், சோலனாய்டு வால்வுக்கான காயில், சோதனைக் கருவிகளுக்கான விதவிதமான சுருள்கள் சுற்றித் தருவோம். ஆர்டர் தருகிறவர்கள் ‘இத்தனை மில்லிஹென்றி வேண்டும்’ என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார்கள். கம்பி வாங்குவதற்கு முன்பே எத்தனை சுற்று, என்ன கேஜ், என்ன பாபின் என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியது என் வேலை. முதல் வாரத்தில் மேனேஜர் ஒரு தடித்த ஸ்பைரல் கட்டைத் தூக்கி மேசையில் வைத்தார். பிரெடெரிக் குரோவர் 1946-இல் வெளியிட்ட மின்தூண்டல் கணக்குப் புத்தகத்தின் ஜெராக்ஸ். பாதிக்கு மேல் அட்டவணைகள்.

அந்தக் கட்டைப் புரட்டப் புரட்ட, எத்தனை பேர் இந்த அரை அங்குலத்துக்காக மெனக்கெட்டிருக்கிறார்கள் என்பது புரிந்தது. 1831 ஆகஸ்ட் 29 அன்று ஃபாரடே இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்களைச் சுற்றி, ஒன்றில் மின்சாரத்தை விடும்போதும் நிறுத்தும்போதும் மற்றதோடு இணைந்த ஊசி துடிப்பதைப் பார்த்தார். அந்தத் துடிப்பின் அளவைக் கணக்கிடும் வழியை 1845-இல் ஃபிரான்ஸ் நாய்மன் கொடுத்தார். ஒரு கம்பியின் ஒவ்வொரு துணுக்கையும் மற்ற கம்பியின் ஒவ்வொரு துணுக்கோடும் ஜோடி சேர்க்க வேண்டும். இரு துணுக்குகளின் நீளங்களைப் பெருக்கி, அவற்றின் இடைக்கோணத்தின் கொசைனால் பெருக்கி, தூரத்தால் வகுத்து, எல்லா ஜோடிகளையும் கூட்ட வேண்டும். ஒரே அச்சில் நிற்கும் இரண்டு வட்டங்களுக்கு இந்தக் கூட்டல் முழு நீள்வட்டத் தொகையீடுகள் இரண்டாகச் சுருங்கும் என்று மாக்ஸ்வெல் காட்டினார். 1873-இல் வந்த தம் நூலில், வட்டங்களின் ஆரங்களையும் இடைவெளியையும் சேர்த்துக் குறிக்கும் கோணத்துக்கு 60 பாகையிலிருந்து 90 பாகை வரைக்கும் அட்டவணையும் போட்டுக் கொடுத்தார். ஜப்பானில் நாகஓகா, அமெரிக்கத் தர நிறுவனத்தில் ரோசாவும் குரோவரும் என்று அந்த வேலை தொடர்ந்தது. கணிப்பொறி இல்லாத காலம். ஏழு இலக்க மடக்கை அட்டவணையைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு எண்ணையும் ஒரு மனிதர் கையால் எழுதியிருக்கிறார். அந்த உழைப்பின்மேல் எனக்கு இன்றுவரை பக்திதான்.

அட்டவணையில் நமக்கு வேண்டிய எண் இரண்டு வரிகளுக்கு நடுவில்தான் விழும். இடைமதிப்பு எடுத்து எடுத்துக் கை சலித்த நாளில், மேனேஜர் என் கால்குலேட்டரை வாங்கி, கணிதவியலாளர் காஸின் வழியைக் காட்டினார். இதை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும், அத்தனை அழகு.

10 செ.மீ. ஆரமுள்ள இரண்டு வட்டங்கள் 10 செ.மீ. இடைவெளியில் எதிரெதிரே நிற்கின்றன. இவற்றுக்கான நீள்வட்டத் தொகையீட்டைத் தேட, 1 என்ற எண்ணையும் 0.4472 என்ற எண்ணையும் எழுதிக்கொள்கிறோம். இரண்டாவது எண், ஆரங்களிலிருந்தும் இடைவெளியிலிருந்தும் வருவது. இங்கே ஐந்தில் ஒன்றின் வர்க்கமூலம். இரண்டுக்கும் கூட்டுச் சராசரி 0.72361. பெருக்கிய வர்க்கமூலம், அதாவது பெருக்குச் சராசரி, 0.66874. இந்தப் புதிய ஜோடிக்கு மறுபடி அதே இரண்டு சராசரிகள்: 0.69617, 0.69563. இன்னொரு முறை: இரண்டும் 0.695903. மூன்றே படியில் ஆறு இலக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. பையின் பாதியை இதனால் வகுத்தால் 2.2572, அதுதான் தேடிய முதல் தொகையீடு. வழியில் கிடைத்த வித்தியாசங்களின் வர்க்கங்களை வைத்து இரண்டாவதும் கிடைத்துவிடுகிறது. இரண்டையும் மாக்ஸ்வெல்லின் வாய்பாட்டில் போட்டால், சுற்றுக்குச் சுற்று 0.0494 மைக்ரோஹென்றி. இருபுறமும் 100 சுற்று என்றால் பத்தாயிரத்தால் பெருக்கு: 494 மைக்ரோஹென்றி, ஏறக்குறைய அரை மில்லிஹென்றி.

இந்த இரட்டைச் சராசரி பற்றி காஸ் தம் நாட்குறிப்பில் குறித்து வைத்தது 1799 மே 30 அன்று, 22 வயதில். அப்போது அவர் கம்பிச்சுருளை நினைத்திருக்க வழியே இல்லை. மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்பதை உலகம் அறிந்ததே 1820-இல்தான். காந்தப்புலத்தை இத்தனை காஸ், அத்தனை காஸ் என்று நாள் முழுக்க வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த எங்களுக்கு, அந்தப் பெயருக்குரியவரே கணக்குக்கும் வழி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்பது பெரிய சந்தோஷமாக இருந்தது. நம் இராமானுஜனும் இந்தத் தெருவில் நடமாடியவர்தான். நீள்வட்டத்தின் சுற்றளவுக்கும் சரியான முடிவுள்ள வாய்பாடு கிடையாது, அதே தொகையீட்டில்தான் போய் நிற்கும். அதற்கு நெருங்கிய வாய்பாடுகளை 1914-இல் வந்த தம் பை பற்றிய கட்டுரையில் அவர் கொடுத்திருக்கிறார். சுருள் கணக்குக்கு நாகஓகா கையாண்ட தீட்டாத் தொடர்களும் இராமானுஜனுக்கு உயிரான பொருள். கும்பகோணத்துச் சிலேட்டுக்கும் அம்பத்தூர் பாபினுக்கும் இடையே இப்படி ஒரு வழி இருப்பதைப் பள்ளியில் யாராவது சொல்லியிருக்கலாம்.

காந்தத் துண்டுகளின் கணக்கும் தனி வித்தை அல்ல என்பதையும் அந்த ஆண்டுகளில்தான் உணர்ந்தேன். காந்தத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத மின்னோட்டச் சுழல்கள் இருக்கின்றன என்றார் ஆம்பியர். பக்கத்துப் பக்கத்துச் சுழல்கள் உள்ளே ஒன்றையொன்று அடித்துப்போக, விளிம்பில் ஓடுவது மட்டும் மிச்சம். ஆகவே தட்டையான உருளைக் காந்தம் என்பது, அதே அளவில் ஒற்றை அடுக்காகச் சுற்றிய வரிச்சுருள். நியோடிமியம் காந்தத்தின் காந்தத் தேக்குத்திறன் 1.2 டெஸ்லா என்றால், அதன் பக்கச்சுவரில் மீட்டருக்கு ஒன்பதரை லட்சம் ஆம்பியர் சுற்றி ஓடுவதாகக் கணக்கு. ஒரு செ.மீ. தடிமனுக்கு 9,500 ஆம்பியர்-சுற்று. செப்புக் கம்பியில் இதைச் செய்யப் போனால் சூட்டில் எனாமல் உருகிவிடும்; காந்தமோ குளிர்ந்து கையில் கிடக்கிறது.

அப்படி ஒரு காந்தம், 20 மி.மீ. விட்டம், 10 மி.மீ. தடிமன். முகத்தின் மையத்தில் கணக்குப்படி 0.42 டெஸ்லா, பூமியின் புலத்தைப்போல் சுமார் பத்தாயிரம் மடங்கு. ஒரு மில்லிமீட்டர் மேலே போனால் 0.38 ஆகிவிடுகிறது. எஃகு வெர்னியரை அருகில் காட்டினால் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும் என்பதால் பிளாஸ்டிக் வெர்னியர் வைத்திருந்தோம். காஸ்மீட்டரின் ஹால் சில்லு அதன் நுனித்தகட்டுக்குச் சற்று உள்ளே இருக்கிறது. அதனால் மீட்டர் காட்டுவது எப்போதும் முகத்துக்கு மேலே கொஞ்சம் தள்ளிய இடத்தின் புலத்தை. எங்களிடம் காந்தம் வாங்க வந்தவர் ‘0.42 எழுதியிருக்கிறீர்களே, 0.39 தானே காட்டுகிறது’ என்று கேட்டால், வளைகோட்டைக் காட்டி எந்த உயரத்தில் அளக்கிறார் என்று சொல்லிவிடுவேன். காந்தத்துக்கு அருகே தப்பு தொடாத இடம் என்று ஒன்று அகப்படுவது அரிது, எல்லாமே சரிவு.

பரிமாற்று மின்தூண்டலுக்கு வருகிறேன். காந்தப்பாயத்தை அளக்கும் பிளக்ஸ்மீட்டர்களைச் சரிபார்ப்பதற்கென்று அரை மில்லிஹென்றி பரிமாற்றுச் சுருள் ஒன்று வேண்டும் என்று ஒரு ஆர்டர் வந்தது. மதிப்பு அரை சதவீதத்துக்குள் சரியாக இருக்க வேண்டும். அதுவும் சுருளின் அளவுகளை வைத்துக் கணக்கிட்ட மதிப்பாக இருக்க வேண்டும். மேலே போட்ட கணக்கு அதற்காகத்தான். 20 கேஜ் கம்பி, எனாமலோடு ஏறக்குறைய 1 மி.மீ. விட்டம். 10 அடுக்கு, அடுக்குக்கு 10 சுற்று. வெட்டுமுகம் சதுரம்.

சுற்றியது எங்கள் வைண்டிங் செக்‌ஷன் அக்கா. கம்பி பாபினில் விழுகிற சத்தத்தை வைத்தே இழுவிசை குறைகிறதா கூடுகிறதா என்று சொல்லக்கூடியவர். நான் தாளில் ‘அடுக்குக்கு 1 மி.மீ., 10 அடுக்குக்கு 10 மி.மீ.’ என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, “மேடம், கம்பி பள்ளத்துல உக்காந்துச்சுன்னா அவ்ளோ உயரம் வராது. ஆனா எல்லா இடத்துலயும் உக்காராது, கிராஸ் ஆகும்” என்றார். அது உண்மை. கீழடுக்கு இடமிருந்து வலமாகச் சரிந்து போகிறது, மேலடுக்கு வலமிருந்து இடமாகச் சரிந்து வருகிறது. மேல் கம்பி கீழ்க்கம்பிகளின் நடுப் பள்ளத்தில் கொஞ்ச தூரம் படுத்துவரும், பிறகு ஒரு கம்பியைத் தாண்டி அடுத்த பள்ளத்துக்குப் போயாக வேண்டும். முழுக்கப் பள்ளத்தில் படுத்தால் பத்து அடுக்கின் உயரம் 8.8 மி.மீ. முழுக்கத் தலைக்குமேல் தலையாக நின்றால் 10. நிஜம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ. சராசரி ஆரத்தில் இதனால் அரை மில்லிமீட்டருக்கு மேல் ஐயம், அதாவது அரை சதவீதத்துக்கு மேல். ஒப்புக்கொண்ட துல்லியம் இதிலேயே போய்விடும்.

அக்கா அதற்கும் வழி வைத்திருந்தார். ஒவ்வோர் அடுக்கு முடிந்ததும் மிஷினை நிறுத்துவார். இன்சுலேஷன் பேப்பரை மெல்லிய கீற்றாக வெட்டி அடுக்கின்மேல் இறுக்கமாகச் சுற்றுவார். கீற்றின் நுனி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் இடத்தில் இரண்டையும் சேர்த்து ஊசியால் ஒரே குத்து. கீற்றைப் பிரித்து நிமிர்த்தினால் இரண்டு துளைகள். இடையில் உள்ள நீளம்தான் அந்த அடுக்கின் சுற்றளவு, 60 செ.மீ.க்கு மேல். அதில் அரை மி.மீ. தப்பாகப் படித்தாலும் ஆரத்தில் பத்தில் ஒரு பங்கு மி.மீ.கூட வராது. பத்து கீற்றுகளையும் தேதி போட்டு, அடுக்கு எண் போட்டு, ஃபைலில் கோத்து வைத்தோம். எந்தக் கருவிக் கடையிலும் வாங்க முடியாத அளவுகோல் அது.

வெட்டுமுகத்துக்குத் தடிமன் இருக்கிறதே, ஒற்றைக் கம்பியாக வைத்துக் கணக்குப் போட்டது சரியா என்ற கேள்விக்கு லைல் என்பவர் 1902-இல் விடை சொல்லியிருக்கிறார். வெட்டுமுகம் சதுரமாக இருந்தால் முழுச் சுருளுக்கும் பதிலாக ஒரே ஒரு வட்டக் கம்பியை வைத்துக்கொள்ளலாம். ஆரத்தை மட்டும் ஒரு துளி கூட்ட வேண்டும். எங்கள் சுருளுக்கு அந்தத் துளி 0.04 மி.மீ. நூறு சுற்று, பத்து அடுக்கு, அத்தனை பள்ளமும் மேடும் சேர்ந்து கடைசியில் முடி அளவுகூட வராத திருத்தம். சதுரமாகச் சுற்றச் சொல்வதன் பலன் இது. அன்றிலிருந்து முடிந்தபோதெல்லாம் சதுரத்தையே கேட்டு வாங்கினேன்.

சுற்றி முடித்ததும் அளந்து ஒத்துப்பார்க்கும் முறை எளியது. இரண்டு சுருள்களையும் தொடராக, புலங்கள் கூடும்படி இணைத்து எல்சிஆர் மீட்டரில் படிக்க வேண்டும். பிறகு ஒன்றின் முனைகளை மாற்றி, புலங்கள் எதிர்க்கும்படி இணைத்து மறுபடி படிக்க வேண்டும். எங்களுக்கு முதலாவது ஏறத்தாழ 9 மில்லிஹென்றி, இரண்டாவது ஏறத்தாழ 7. வித்தியாசத்தில் நான்கில் ஒரு பங்குதான் பரிமாற்று மின்தூண்டல் எண். முதல்நாள் கணக்கோடு ஒட்டவில்லை. மேசையின் மேல்தகடு இரும்பு. சுருள்களை அப்படியே தூக்கி இரண்டு மர ஸ்டூல்களைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் வைத்தவுடன் எண் வந்து சேர்ந்தது. அட்டெண்டர் அண்ணாச்சியின் பித்தளைத் தட்டு ஞாபகம் வந்தது எனக்கு.

ஆனால் இந்த அமைப்பு எனக்கு நிம்மதி தரவில்லை. ஹெல்ம்ஹோல்ட்ஸ் இடைவெளியில்தான் இரண்டு சுருள்களும் நிற்கின்றன. நடுவில் இருக்கும் புலத்தைக் கேட்டால் எவ்வளவு தப்பையும் பொறுத்துக்கொள்கிற ஜோடி, பரிமாற்று மின்தூண்டலைக் கேட்டால் எதையும் பொறுப்பதில்லை. இடைவெளி ஒரு மில்லிமீட்டர் மாறினால் மதிப்பு 7 மைக்ரோஹென்றி மாறுகிறது, சுமார் 1.4 சதவீதம். இந்த மாற்றத்துக்கு வேறொரு பயனும் உண்டு. தூரத்தோடு பரிமாற்று மின்தூண்டல் எவ்வளவு வேகமாகக் குறைகிறதோ, அதை இரண்டு மின்னோட்டங்களாலும் பெருக்கினால் சுருள்கள் ஒன்றையொன்று இழுக்கும் விசை. இரண்டிலும் 1 ஆம்பியர் ஓடினால் எங்கள் ஜோடிக்கு முக்கால் கிராம் எடைக்குச் சற்றுக் குறைவு. தராசில் சுருளைத் தொங்கவிட்டு இப்படி எடை போட்டுத்தான் ஆம்பியர் என்ற அலகையே நீண்ட காலம் நிலைநாட்டினார்கள். 2019 மே 20-இலிருந்து ஆம்பியர், எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை வைத்து வரையறுக்கப்படுகிறது. அதுவரை வரையறையாலேயே துல்லியமாக இருந்த வெற்றிட உட்புகுதிறன், இப்போது அளந்து அறிய வேண்டிய எண்ணாகிவிட்டது. விசைக்கு, தூரத்தோடு மதிப்பு குறைகிற அந்தச் சரிவு வேண்டும். சோதனைத் தரத்துக்கு அதுவே விஷம்.

குரோவரின் கட்டில் கிடைத்த குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு தேடியதில்தான் ஆல்பர்ட் கேம்ப்பெல்லிடம் போய்ச் சேர்ந்தேன். இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருந்தவர். 1907-இல் அவர் வெளியிட்ட பரிமாற்றுச் சுருள், அளவுகளை மட்டும் வைத்துக் கணக்கிடக்கூடிய தரமாக அமைந்தது. அதன் மதிப்பு சுமார் 10 மில்லிஹென்றி. சலவைக்கல் உருளையில் திருகுப்பள்ளம் வெட்டி, அதில் முதன்மைச் சுருளை ஒற்றை அடுக்காகச் சுற்றினார். ஒரே நீளமாக இல்லாமல், நடுவில் இடம் விட்டு இரண்டு பாதியாக. ஒற்றை அடுக்கை வெளியிலிருந்து அளந்துவிடலாம், அதனால் அதில் சிக்கல் இல்லை. துணைச்சுருளுக்குத்தான் நிறைய சுற்றுகள், பல அடுக்குகள் வேண்டும். அக்கா சொன்ன பள்ளமும் மேடும் முழுக்க அங்கேதான். ஆகவே அதன் ஆரம் தப்பாகத்தான் இருக்கும் என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டு, அதை எங்கே நிறுத்துவது என்று யோசித்தார்.

முதன்மைச் சுருளின் புலம் உள்ளே மேல்நோக்கிப் போகிறது, வெளியே கீழ்நோக்கித் திரும்பி வருகிறது. இரண்டு பாதிகளுக்கும் நடுத்தளத்தில், மையத்திலிருந்து வெளியே நகர்ந்துகொண்டே போனால், உருளையைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் புலம் மேல்நோக்கியும் இல்லாமல் கீழ்நோக்கியும் இல்லாமல் பூஜ்யமாகிற வட்டம் ஒன்று வரும். அதுவரை, வட்டத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்க அதற்குள் அடங்கும் காந்தப்பாயம் கூடிக்கொண்டே வருகிறது. அதைத் தாண்டினால் குறையத் தொடங்குகிறது. பொதிகை உச்சியில் நிற்பவர் ஓரடி முன்னே வைத்தாலும் பின்னே வைத்தாலும் உயரம் பெரிதாக மாறாததுபோல, அந்த வட்டத்தில் சுற்றிய துணைச்சுருளின் ஆரம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அது வாங்கும் காந்தப்பாயம் மாறுவதில்லை. நடுத்தளத்தில் நிற்பதால் மேலே கீழே நகர்ந்தாலும் அப்படியே. அளக்க முடியாத சுருளை, அளக்கத் தேவையே இல்லாத இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார். இதைப் படித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. 45 பாகையும், வளைவு மாற்றப் புள்ளிகளும், இந்தப் பூஜ்ய வட்டமும் ஒரே சிந்தனையின் மூன்று வடிவங்கள்.

சலவைக்கல்லுக்கு நாங்கள் எங்கே போவது? லேத்தில் கடைந்த ஹைலம் உருளையில் சுற்றினோம். பூஜ்ய வட்டத்தைத் தேட அச்சுக்கு வெளியே புலத்தைக் கணக்கிட வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் காஸின் சராசரிகள், பிறகு எல்லாவற்றையும் கூட்டல். அதற்குள் அலுவலகத்துக்குக் கணிப்பொறி வந்துவிட்டிருந்தது. ஃபோர்ட்ரானில் சில வரிகள் எழுதி ஓட்டினேன். ஆரத்தை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்தி, புலத்தின் குறி மாறுகிற இடத்தைப் பிடித்து, அந்த விட்டத்தில் வளையம் கடையச் சொன்னேன். அந்தக் கணக்குத் தாளில் வரிசையாக இறங்கிவரும் பரிமாற்று மின்தூண்டல் மதிப்புகள் கூடிக்கூடி வந்து, ஓரிடத்தில் நான்கு வரிகள் ஒரே எண்ணாக நின்று, பிறகு குறைய ஆரம்பிக்கும். அந்த நான்கு வரிகளைச் சிவப்பு மையால் கட்டம் கட்டி அக்காவிடம் காட்டினேன்.

“அப்ப இந்த ரிங்குல அடுக்கு கொஞ்சம் மேல கீழ ஆனாலும் பரவால்லையா மேடம்?” என்றார்.

“பரவாயில்லைக்கா.”

“சும்மா சொல்லாதீங்க. தள்ளிப் பாத்துருவோம்.”

மர ஸ்டூலின்மேல் வைத்து மீட்டரை இணைத்தோம். அக்கா வளையத்துக்கு அடியில் இன்சுலேஷன் பேப்பரை மடித்துச் செருகி ஒரு மில்லிமீட்டர் தூக்கினார். கடைசி இலக்கம் அசையவில்லை. அட்டையை மடித்துச் செருகி இன்னும் தூக்கினார். கடைசி இலக்கம் ஒன்று கூடியது. பழைய ஜோடியிலும் அதே பேப்பரைச் செருகிப் பார்க்க வேண்டும் என்றார். எண் சரசரவென்று இறங்கியது. இரண்டையும் மாறி மாறிச் செய்து பார்த்துவிட்டு, இனிமேல் இந்த வேலைக்கு ரிங் டைப்தான் சுற்றுவேன், பழைய டிசைன் கொண்டு வராதீங்க என்று சொல்லிவிட்டார். மேனேஜரிடம் போய் அந்த வடிவத்துக்கே திருத்திய கொட்டேஷனை டைப் செய்யக் கொடுத்தேன். ஹைலம் செலவும் லேத் கூலியும் கொஞ்சம் கூடுதல். கீற்று வெட்டி அடுக்கு அடுக்காக அளக்கிற நேரம் மிச்சம். ஆர்டர் கொடுத்தவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.